நம் பிள்ளைகளுக்கென்று தனி வளர்ச்சிக் கோடு உண்டா?

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு "அஞ்சு நடக்குது". உயரம் 94 செ.மீ., எடை 13 கிலோ. கிளினிக்கில் தாதி கோடு போட்டுப் பார்த்து, வயதுக்கு உயரம் போதவில்லை என்று எழுதிவிட்டார். மகளுக்கு 10 வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, 127 செ.மீ., 33 கிலோ. பள்ளியில் செகாக் எனும் உடற்தகுதிச் சோதனை எடுத்துவிட்டு எடை கூடுதல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாய் 149 செ.மீ., தந்தை 163 செ.மீ. மாமியாரோ, "வெள்ளைக்காரன் போட்ட கோட்டுல நம்ம புள்ளைங்கள வெச்சு அளந்தா குள்ளமாத்தான் தெரியும், நம்ம வம்சமே இப்படித்தான்" என்கிறாராம். நம் பிள்ளைகளுக்கென்று தனி அட்டவணை இல்லையா என்பது கேள்வி. உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கோடு நியாயமானதா என்பது ஒன்று. என் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது இன்னொன்று. மாமியார் சொல்வது மகளின் விஷயத்தில் பாதி சரி, மகனின் விஷயத்தில் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நம் கிளினிக்குகளில் இருப்பது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கோடு. அதை வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து போடவில்லை. 1997 முதல் 2003 வரை ஆறு ஊர்களில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்தார்கள்: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, இந்தியாவில் டில்லி, நார்வேயில் ஓஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ். கண்ணில் பட்ட பிள்ளையையெல்லாம் சேர்க்கவில்லை. தாய் புகைப்பவராக இருக்கக்கூடாது, பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுத்திருக்க வேண்டும், குடும்பத்தின் வறுமை வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்கு இருக்கக்கூடாது என்று வடிகட்டினார்கள். தடையில்லாமல் வளர்ந்தால் ஒரு பிள்ளை எவ்வளவு வளரும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கணக்குப் பார்த்தபோது, உயரத்தில் உள்ள மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு சுமார் 3 விழுக்காடுதான். ஒரே ஊரில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடோ சுமார் 70 விழுக்காடு. வசதியான வீட்டில், தாய்ப்பாலும் நல்ல உணவும் கிடைத்து வளர்ந்த டில்லிப் பிள்ளை ஓஸ்லோ பிள்ளைக்கு ஏறக்குறைய இணையாகவே வளர்ந்தது. ஆகவே ஐந்து வயதுக்குள் "நாம் இந்தியர், அதனால் குட்டை" என்ற சமாதானத்துக்கு இடம் மிகக் குறைவு.

இந்தக் கோட்டின்மேல் சந்தேகமே கிடையாதா என்றால், உண்டு. வடக்கு ஐரோப்பாவில் சில நாட்டுப் பிள்ளைகள் சராசரியாகவே நடுக்கோட்டுக்கு மேலே போகிறார்கள். உயரத்தைவிடத் தலைச் சுற்றளவில் இனத்துக்கு இனம் வேறுபாடு கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் இந்தத் தகராறெல்லாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பற்றியது. நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. கீழே நிற்கும் ஒரு பிள்ளையை அதைக் காட்டி மேலே தூக்கிவிட முடியாது.

ஐந்து வயதுக்குப் பிறகு கதை மாறுகிறது. 5 முதல் 19 வயது வரைக்குமான 2007ஆம் ஆண்டுக் கோடு, 1970களில் தொகுத்த அமெரிக்கப் பிள்ளைகளின் பழைய அளவுகளை மறுபடி கணக்கிட்டு, 2006ஆம் ஆண்டுக் கோட்டோடு பிசிறில்லாமல் ஒட்டவைத்தது. புதிய அளவுகள் கிடைத்திருந்தும் பழையதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பின்னாளில் அமெரிக்கப் பிள்ளைகள் பருத்துவிட்டார்கள். அவர்களை வைத்துக் கோடு போட்டால் பருமனே இயல்பாகிவிடும். இந்த இடத்தில் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கோடு ஒரு நாட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. எல்லாப் பிள்ளைகளும் இப்படி வளர வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. பருவமடையும் வயதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு பெரிதாகிறது. எந்த வயதில் பாய்ச்சல் தொடங்குகிறது, எவ்வளவு காலம் ஓடுகிறது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டனே நான்கு வயது வரைக்கும் உலகக் கோட்டை வைத்துக்கொண்டு, அதன் பிறகு தன் சொந்தக் கோட்டுக்கு மாறுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஐந்து வயது வரை உலகக் கோடு போதும் என்று சொல்லிவிட்டு, 5 முதல் 18 வயதுக்கு மட்டும் 2015இல் தனிக் கோடு வெளியிட்டது. 14 நகரங்களில் 33,148 பிள்ளைகளின் அளவுகள் அதில் உண்டு. அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளைகளை அங்கேயும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வளர்ந்து முடிந்த வயதில் அந்த நடுக்கோடு உலகக் கோட்டைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். நீங்கள் தேடிய தனி அட்டவணைக்கு மிக அருகில் வருவது இதுதான். மலேசிய இந்தியப் பிள்ளையை அதில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் கிளினிக் புத்தகத்தில் உலகக் கோடுதான் இருக்கும். ஒரே பிள்ளையை இந்த மாதம் ஒரு கோட்டிலும் அடுத்த மாதம் இன்னொரு கோட்டிலும் குறித்தால் வளர்ச்சியின் போக்கே தெரியாமல் போய்விடும்.

இப்போது பெற்றோரின் உயரத்துக்கு வருகிறேன். மருத்துவர்கள் போடும் கணக்கு எளிது. தாய் தந்தை உயரங்களைக் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 162.5 செ.மீ., மகளுக்கு 149.5 செ.மீ. வருகிறது. இதற்கு மேலும் கீழும் சுமார் 8.5 செ.மீ. வரை இயல்பு. மைனஸ் 2 கோடு என்பது நடுக்கோட்டிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே உள்ள கோடு; அதற்குக் கீழே போனால்தான் வயதுக்கு உயரம் போதவில்லை என்று எழுதுவார்கள். மகளின் 127 செ.மீ. பத்து வயதுக்கான மைனஸ் 2 கோட்டுக்கு (125.8) மேலேதான் இருக்கிறது. இதே தடத்தில் போனால் வளர்ந்து முடியும்போது 151 செ.மீ. பக்கம் நிற்பாள். பெற்றோரின் உயரத்தோடு அது பொருந்துகிறது. உயரத்தை மட்டும் வைத்து அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நம் தோட்டப்புறக் குடும்பங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான விஷயம் என்று நான் நினைப்பது இதைத்தான். பெற்றோரின் உயரம் முழுக்க மரபணு கொடுத்தது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. 149 செ.மீ. என்பது உங்கள் மரபணு எட்டக்கூடிய உயரமா, அல்லது நீங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீடு, அங்கே கிடைத்த சாப்பாடு, குடித்த தண்ணீர், வயிற்றில் இருந்த புழு எல்லாம் சேர்ந்து நிறுத்திவைத்த உயரமா? ஒரு தனி மனிதரைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு கூட்டமாகப் பார்த்தால் முடியும். குவாத்தமாலாவில் உள்ள மாயா இனப் பிள்ளைகளையும், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மாயா குடும்பங்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 6 முதல் 12 வயதில் அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள் சுமார் 11 செ.மீ. கூடுதல் உயரம். அதே இனம், மரபணுவும் அதேதான். தென் கொரியப் பெண்கள் நூறு ஆண்டுகளில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள். மரபணு நூறு ஆண்டில் அப்படி மாறாது. "எங்க அம்மா குள்ளம், நானும் குள்ளம், என் மகனும் அப்படித்தான்" என்பதைப் பரம்பரை என்று ஒதுக்கிவிட்டால், மூன்று தலைமுறைப் பற்றாக்குறையையும் சேர்த்து இயல்பு என்று முத்திரை குத்திவிடுகிறோம். குட்டையான, இரத்தச்சோகை உள்ள தாய்க்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல். அந்தக் குழந்தை குட்டையாகவே வளர்ந்து தாயாகும்போது அதே சங்கிலி மறுபடி தொடங்குகிறது. பரம்பரை போலத் தெரிவதில் ஒரு பங்கு இப்படி வருவது.

நாட்டின் கணக்கும் இதையே காட்டுகிறது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் கூட்டத்திலும் சுமார் 2.3 விழுக்காட்டினர் மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அவர்கள் இயல்பாகவே குட்டையானவர்கள். மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2015ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் 17.7 விழுக்காடு, 2019இல் 21.8. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். நாட்டின் வருமானம் ஏறிய காலத்தில் இது இறங்கவில்லை. கோலாலம்பூரில் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் 22 விழுக்காட்டுப் பிள்ளைகள் குட்டை. அதே வீடுகளில் 23 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்களில் பல போய்ச் சேர்ந்தது இந்த மாதிரி வீடுகளில்தான். ஒரே வீட்டில் தம்பி குட்டை, அக்கா பருமன் என்றால் முரண்பாடாகத் தோன்றும். இரண்டுக்கும் அடுப்படி ஒன்றுதான்: சோறும் சீனியும் எண்ணெயும் தாராளம்; முட்டை, மீன், பால், கீரை, பழம் குறைவு. வயிறு நிறைகிறது, எலும்பு நீளத் தேவையான சத்து போய்ச் சேரவில்லை.

பணம் மட்டும்தான் காரணமா என்றால் இல்லை, ஆனால் பணம் பல வேடங்களில் வருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாடகையும் மோட்டார் தவணையும் கட்டிய பிறகு, மாதத்தின் முதல் பத்து நாள் மீன், கடைசிப் பத்து நாள் மீ என்று ஓடும் வீடுகள் ஏராளம். எலும்பு வளர்வது தினம் நடக்கிற வேலை. மாதத் தொடக்கத்தில் நன்றாகச் சாப்பிட்டது மாதக் கடைசிக்கு ஈடாகாது. அடுத்தது நேரம். பெற்றோர் இருவரும் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பினால் பிள்ளையின் பசியாறல் பாட்டி கையில். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தால் பிள்ளை அமைதியாகிவிடும். முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை என்று ஒன்றாவது இருந்தது. அதன் தரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், நேரத்துக்குப் பால் ஊற்ற ஓர் ஆள் இருந்தார். தாயின் படிப்பு, பிள்ளைகளுக்கு இடையே உள்ள வயது இடைவெளி, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இவை ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டரைப் பறிக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்குகளை நான் நம்புவதில்லை, எல்லாம் பின்னிக்கிடப்பவை.

மகனுக்குச் சோதனை எதுவும் எடுப்பதற்கு முன், அளவு சரியா என்று பாருங்கள். "அஞ்சு நடக்குது" என்றால் நான்கு முடிந்திருக்கிறது. நாம் நடப்பு வயது சொல்லிப் பழகியவர்கள். அட்டவணையோ முடிந்த மாதங்களை மட்டும் எண்ணும். நான்கு முடிந்த ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு 103.3 செ.மீ., மைனஸ் 2 கோடு 94.9. ஐந்து முடிந்தவனுக்கு நடுக்கோடு 110, மைனஸ் 2 கோடு 100.7. அதே 94 செ.மீ. முதல் கணக்கில் கோட்டுக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது கணக்கில் மிகக் கடுமையான குறை, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை. பிறந்த தேதியிலிருந்து மாதங்களை எண்ணிப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், இரண்டு வயது வரைக்கும் உள்ள பழைய அளவுகளில் அந்தக் குறைந்த வாரங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே உயரம் அளக்கலாம். தரையோரம் பலகை ஓடாத நேரான சுவரும், கடினமான தரையும் வேண்டும். பாய், கம்பளம் கூடாது. தையல்காரர் நாடா நீளும், அதை விட்டுவிட்டுத் தச்சரின் இரும்பு நாடாவைச் சுவரில் ஒட்டுங்கள். செருப்பைக் கழற்றி, உச்சியில் முடிச்சோ ஹேர்பேண்டோ இருந்தால் அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் முதுகும் சுவரைத் தொட நிற்கவையுங்கள். கண்ணின் கீழ் ஓரமும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் உயரமாகத் தெரிய மோவாயைத் தூக்குவார்கள், அப்போது அளவு கெடும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கம் சுவரில் ஒட்டியிருக்க, அடுத்த பக்கத்தைத் தலையில் அழுத்திக் குறியுங்கள். மூன்று முறை அளந்து, ஒன்றுக்கொன்று அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். நின்று நடந்து ஓடுவதில் முதுகெலும்பு அழுந்தி, மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவது இயல்பு. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளந்ததும் அதன் பிறகு நிற்கவைத்து அளந்ததும் 0.7 செ.மீ. வேறுபடும், பழைய பக்கங்களில் இரண்டு வயதருகே வளர்ச்சி நின்றுபோனது போலத் தெரிந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். மாதாமாதம் அளந்து மனம் குழம்ப வேண்டாம். மூன்று மாதத்துக்குள் தெரிகிற ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அளவுப் பிழை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ஒரு புள்ளியைவிடப் புள்ளிகள் போகிற திசை முக்கியம். மகனின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பிறந்ததிலிருந்து பாருங்கள். பிறந்தபோது 2.5 கிலோவுக்குக் குறைவா? முதல் ஆறு மாதம் நன்றாக இருந்து, அதன் பிறகு இரண்டு வயதுக்குள் கோடு கோடாக இறங்கினானா? அப்படியென்றால் பால் தவிர வேறு உணவு கொடுக்கத் தொடங்கிய காலத்தில் ஏதோ போதவில்லை. வெறும் கஞ்சித் தண்ணீரும் மாவுக் கூழும் அந்த வயதுக்குப் பற்றாது. இரண்டு வயதிலிருந்து ஒரே தடத்தில் கோடுகளுக்கு இணையாகப் போகிறான் என்றால் பழைய குறை நின்றுவிட்டது, இப்போது புதிதாக நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. இன்னும் கோடு கடந்து இறங்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் காத்திருக்கக்கூடாது. நான்கிலிருந்து ஐந்துக்குள் அவன் வயது ஆண் பிள்ளைகள் 6 முதல் 7 செ.மீ. வளர்வார்கள், 5 செ.மீ. கூட வளராவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். அவனுடைய 13 கிலோ 94 செ.மீ. உயரத்துக்குப் பொருத்தமான எடை. அதாவது இப்போதைய பட்டினி இல்லை, நீண்டநாள் குறை. இதனால்தான் "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றுகிறது. இந்த நிலையில் சோற்றையும் நெய்யையும் திணித்தால் உயரம் கூடாது, தொப்பைதான் கூடும்.

உணவில் முதலில் மாற்ற வேண்டியது பால் என்று நாம் நினைத்துக் கொடுக்கும் டின்பால். கெட்டியான இனிப்பு கிரிமர் என்பது சீனியும் செம்பனை எண்ணெயும் கொஞ்சம் பால் பொருளும்; அது பிள்ளைக்குப் பால் ஆகாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 16 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை சாதாரணப் பாலில் ஏறக்குறைய அதே அளவு. ஒரு முட்டை, இரண்டு கோப்பைப் பால், ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு துண்டு மீன் அல்லது ஒரு கைப்பிடி நெத்திலி என்று அமைந்தால் அந்தத் தேவை தாண்டிவிடும். நெத்திலியைக் கழுவி உப்பைக் குறைத்து, பொடித்துக் கஞ்சியிலோ தோசையிலோ சேர்க்கலாம். பருப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றுவது பாட்டிமார் வழக்கம்; சத்து அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. டின் மத்தி, தெம்பே, தவு எல்லாம் மலிவு, நல்லவை. முருங்கைக்கீரை வாசலில் கிடைத்தால் விடாதீர்கள். பாலும் அளவோடுதான்: நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற உணவில் பசி போய், இரும்புச்சத்தும் குறையும். பசியாறும்போது தேநீர் கொடுப்பதை நிறுத்துங்கள், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை அது உடலில் சேரவிடாது. வளர்ச்சிக்கென்று விளம்பரப்படுத்தும் விலை கூடிய மாவுப்பால் இந்தப் பிள்ளைக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு வாங்கும் முட்டையும் மீனும் கூடுதல் பயன் தரும்.

கிளினிக்கில் மூன்று விஷயம் கேளுங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின்: இந்த வயதில் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. மலேசியாவில் தலசீமியா எனும் பரம்பரை இரத்தக் குறையைச் சுமப்போர் கணிசம் என்பதால், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஏறாவிட்டால் அந்தச் சோதனையையும் கேட்க வேண்டும். பூச்சி மருந்து: இரண்டு வயதுக்கு மேல் வழக்கமான அளவு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே தடவை, வெறுங்காலில் மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு இது அவசியம், ஆனால் இதனால் மட்டும் உயரம் ஏறிவிடாது. மூன்றாவது, சத்துக்குறைவுப் பிள்ளைகளுக்கான அரசாங்க மறுவாழ்வுத் திட்டம்: ஏழைக் குடும்பத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு மாதாமாதம் உணவுக்கூடை கிடைக்கும். அது பெரும்பாலும் எடையை வைத்துத் தீர்மானிப்பது, 13 கிலோ அவன் வயதுக்கான மைனஸ் 2 கோட்டுக்கு (12.7) மயிரிழை மேலே நிற்பதால் இப்போது கிடைக்காமல் போகலாம். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. மகளுக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆர்எம்டி எனும் துணையுணவுத் திட்டம் இருக்கிறது. வருமானத் தகுதி இருந்தால் வெட்கப்படாமல் பாரத்தை நிரப்புங்கள்.

இத்தனையும் செய்தால் எவ்வளவு மீள்வான்? இங்கே நிதானமாகப் பேச வேண்டும். உயரக் குறை பெரும்பாலும் கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள் விழுந்துவிடுகிறது. அதன்பின் ஓரளவு மீட்கலாம், முழுதும் மீட்பது அரிது. ஈக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தபோது உயரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதே சோதனையை மலாவியில் செய்தபோது ஒன்றும் தெரியவில்லை; அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் கழிவறை, சுத்தமான தண்ணீர், கைகழுவல் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் உயரம் கூடவில்லை. இதனால் முட்டையும் சுத்தமும் வீண் என்று ஆகாது. ஒற்றை மருந்து ஒன்று இல்லை என்பதே பொருள். உங்கள் மகன் மைனஸ் 2.2இலிருந்து மைனஸ் 1.7க்கு வந்தாலே அது நல்ல பலன். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால், உங்களுக்கு இரத்தச்சோகை உண்டா என்று கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துச் சரிசெய்வது அந்தப் பிள்ளைக்கு நல்ல பலன் தரும்.

மகளைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கோ அவள் விஷயத்தில்தான் அவசரம் தெரிகிறது. 33 கிலோவை 1.27ஆல் இருமுறை வகுத்தால் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 20.5 வருகிறது. பத்து வயதுப் பெண்ணுக்கு எடை கூடுதல் என்று உலகக் கோடு சொல்லத் தொடங்குவது சுமார் 19இல்; பருமன் சுமார் 22.6இல். ஆகவே செகாக் சொன்னது சரி. உயரத்தில் இந்தியக் கோடு நமக்குச் சலுகை கொடுத்தது போல எடையிலும் கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இங்கே அது உலகக் கோட்டைவிடக் கண்டிப்பு. காரணம், அதே எடையில் நம் உடலில் கொழுப்புப் பங்கு கூடுதல், தசை குறைவு. நீரிழிவு முன்னதாக வருகிறது. பெரியவர்களில் ஆசியர்களுக்கு 25க்குப் பதில் 23இலேயே எச்சரிக்கை வைப்பது இதனால்தான். இந்தியப் பிள்ளைகள் கோடும் பெரியவர்களுக்கான அந்த 23ஐயும், பருமனுக்கான 27ஐயும் பிள்ளை வயதுகளுக்குப் பின்னோக்கி இழுத்துப் போட்டது.

உறவுக்காரர்கள் "வயசுக்கு வந்துட்டா கிடுகிடுன்னு வளர்ந்துடுவா" என்று சொல்வார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. பெண் பிள்ளையின் பெரிய பாய்ச்சல் மார்பு வளரத் தொடங்கியதும் ஆரம்பித்து, மாதவிலக்குக்கு முன்பே உச்சம் தொட்டுவிடும்; உச்சத்தில் வருடத்துக்குச் சுமார் 8 செ.மீ. முதல் மாதவிலக்குக்குப் பிறகு மிஞ்சியிருப்பது பொதுவாக 5 முதல் 7 செ.மீ.தான். எடை கூடிய பெண் பிள்ளைகள் சற்று முன்னதாகப் பருவமடைவதுண்டு. அப்போது பாய்ச்சலும் முன்னதாக முடிந்துவிடும். ஆகவே மார்பு வளர்ச்சி எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எட்டு வயதுக்கு முன் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னும் தொடங்கவில்லை என்றால் கவலையில்லை. 13 வயது வரை காத்திருக்கலாம். பட்டினி போடாதீர்கள், வளரும் பிள்ளைக்கு எடை குறைப்பது நோக்கமல்ல. எடையை இங்கேயே நிறுத்தி உயரத்தை ஏறவிட்டால், 135 செ.மீ. ஆகும்போது அதே 33 கிலோ 18க்கு வந்துவிடும். தினமும் போகும் சீனித் தண்ணீரை, அதாவது பாக்கெட் பானம், சீனி போட்ட மைலோ, டின்பால் தேநீர் இவற்றை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடியும். கம்பியில் தொங்கினால் உயரம் கூடும் என்பதும், கால்சியம் மாத்திரை எலும்பை நீட்டும் என்பதும் வெறும் நம்பிக்கை.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று நான் சொல்லக்கூடாது. சில அறிகுறிகள் இருந்தால் காரணம் சாப்பாடுதான் என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்: மைனஸ் 3 கோட்டுக்குக் கீழே போவது, கை கால் உடம்போடு பொருந்தாமல் குட்டையாக இருப்பது, காலைத் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குவது, நீண்டநாள் வயிற்றுப்போக்கு, எப்போதும் சோர்வும் மலச்சிக்கலும். பெற்றோர் உயரத்துக்குச் சற்றும் பொருந்தாமல் குட்டையாக உள்ள பெண் பிள்ளைக்கு டர்னர் குறைபாட்டுக்கான குரோமோசோம் சோதனை தேவை. சுமார் 2,000 முதல் 2,500 பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு அது வரும். உங்கள் மகளின் உயரம் பொருந்துவதால் அவளுக்கு இப்போது வேண்டியதில்லை. கிளினிக் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் கூலிம் அல்லது சுங்கை பட்டாணி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயது பார்ப்பார்கள், தைராய்டும் பார்ப்பார்கள். போகும்போது மகனின் புத்தகம், நீங்கள் இருவரும் இப்போது அளந்த உயரம் (அடையாள அட்டை எடுத்த காலத்து ஞாபகத்தில் சொல்வது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்), நீங்கள் முதலில் பருவமடைந்த வயது, மகன் மூன்று நாள் என்ன சாப்பிட்டான் என்று எழுதிய தாள், எல்லாம் கையில் இருக்கட்டும்.